அஞ்சுபவரும் காண்பவரும்: திகில் விளையாட்டுகள் திரைக்கு வரும்போது

வீடியோ விளையாட்டுகளைத் தழுவி எடுக்கப்படும் திகில் படங்கள் பெரும்பாலும் தோற்றுப்போகின்றன என்பதில் இரு தரப்பாரும் ஒத்துப்போகிறார்கள். காரணம் சொல்வதில்தான் வேறுபாடு. படம் மூலத்துக்கு உண்மையாக இல்லை என்பது விளையாடுவோரின் குறை. மூலத்திலேயே கதையென்று ஒன்றும் இல்லை என்பது திரை விமர்சகர்களின் ஏளனம். இரண்டுமே போதிய விளக்கங்கள் அல்ல என்று நாம் கருதுகிறோம். சிக்கல் கதையில் இல்லை. அச்சம் யாருடையது என்பதில் இருக்கிறது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் இடங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கைக் கூறும். உரையாசிரியர்கள் இதனோடு நில்லாமல், அஞ்சியவனுக்குள் நிகழும் அச்சத்தையும், அது அவன் மெய்யில் வெளிப்பட்டுக் காண்போர்க்குப் புலனாவதையும் பிரித்துப் பேசுவர். சில ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியை நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவர் எழுந்து, "விளையாட்டில் இருப்பவர் அஞ்சுபவரா, காண்பவரா ஐயா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. நம்மிடம் விடை இல்லை. மறுவாரம் அவரிடமே சில விளையாட்டுகளை இரவல் வாங்கினோம். இக்கட்டுரை அக்கேள்விக்கான தாமதமான விடை.

1996-இல் ஜப்பானின் காப்காம் நிறுவனம் வெளியிட்ட 'ரெசிடெண்ட் ஈவில்' விளையாட்டிலிருந்து தொடங்கலாம். ஷின்ஜி மிகாமி இயக்கியது. நடைப்பிணங்கள் உலவும் ஒரு மாளிகை. துப்பாக்கி உண்டு, தோட்டாக்கள் குறைவு. ஆட்டத்தை இடையில் சேமித்து வைக்க ஒரு தட்டச்சுப்பொறியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குரிய மை நாடாவும் அளவோடுதான் கிடைக்கும். இப்போது சேமிப்பதா, இன்னும் சிறிது தூரம் துணிவதா? எதிரே வருவதைச் சுடுவதா, ஓடுவதா? ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குப் போகும்போதெல்லாம் கருந்திரையில் ஒரு கதவு மட்டும் மெல்லத் திறக்கும். அடுத்த அறையை வட்டிலிருந்து ஏற்றிக்கொள்ளக் கருவி எடுக்கும் நேரத்தை மறைப்பதற்கான உத்தி அது. ஆயினும் அந்தச் சில நொடிகளில் நம் உள்ளங்கை வியர்க்கிறது. கதவைத் திறந்தவர் நாம் என்பதே காரணம்.

இவ்விளையாட்டின் பிறப்பிலேயே சினிமா இருக்கிறது. 1989-இல் கியோஷி குரோசவா 'ஸ்வீட் ஹோம்' என்றொரு திகில் படம் எடுத்தார் (அகிரா குரோசவா அல்லர், வேறொருவர்). அதே ஆண்டில் அதை விளையாட்டாக்கியது காப்காம். அவ்விளையாட்டை மறுஆக்கம் செய்யும் முயற்சியாகத் தொடங்கியதே 'ரெசிடெண்ட் ஈவில்'. ஆக, படத்திலிருந்து விளையாட்டுக்குச் சென்ற பாதை நன்றாகவே அமைந்தது. திரும்பி வரும் பாதைதான் கரடுமுரடானது.

2002-இல் பால் டபிள்யூ. எஸ். ஆண்டர்சன் அதனைப் படமாக்கினார். மில்லா யோவோவிச் ஏற்ற ஆலிஸ் என்னும் நாயகி விளையாட்டில் இல்லாதவள். 2016 வரை ஆறு படங்கள் வந்து 100 கோடி டாலருக்கும் மேல் ஈட்டின. வணிகத்தில் குறையில்லை. ஆனால் ஆலிஸுக்குத் தோட்டா தீர்ந்துவிடுமோ என்று நாம் ஒரு கணமும் கவலைப்படுவதில்லை. தட்டுப்பாட்டிலிருந்து பிறந்த அச்சம், தாராளத்தில் சாகசமாகிவிட்டது.

இதைவிட மதிப்புக்குரிய தோல்வி 'சைலண்ட் ஹில்'. 1999-இல் கோனாமி வெளியிட்ட விளையாட்டு அது. அன்றைய ப்ளேஸ்டேஷனால் தொலைவிலுள்ள தெருக்களை வரைந்து காட்ட இயலாது. அக்குறையை மூடுபனியால் மறைத்தார்கள். குறையே அழகியலாயிற்று. நம்மிடம் ஒரு சிறு வானொலிப் பெட்டி இருக்கும். அருவருப்பான உயிர் ஏதேனும் நெருங்கினால் அது இரையும். எத்திசையிலிருந்து என்று சொல்லாது. பனிக்குள் அடுத்த அடியை எடுத்துவைக்க வேண்டியவர் நாம்.

2006-இல் கிறிஸ்டோஃப் கான்ஸ் எடுத்த படத்தில் பக்திக்குக் குறைவில்லை. அகிரா யமாவோகாவின் இசை அப்படியே ஒலிக்கிறது. மகளைத் தேடும் தந்தை, தாயாக மாறுகிறார், நல்ல மாற்றம். பனிக்கு உடன் சாம்பல் பொழிகிறது. 1962 முதல் நிலத்தடி நிலக்கரி எரிந்துகொண்டிருக்கும் பென்சில்வேனியாவின் சென்ட்ரேலியா ஊரை நினைவூட்டும் சாம்பல். கண்ணுக்கு இத்தனை விருந்து இருந்தும் நெஞ்சு அசையவில்லை. அந்தச் சாம்பலுக்குள் நடப்பவர் வேறொருவர். அவர் எங்கே திரும்புவார் என்பது முன்பே முடிவாகிவிட்டது. போதாக்குறைக்கு, இறுதியில் ஊரின் மர்மம் முழுவதும் வகுப்பறைப் பாடம்போல் விளக்கப்படுகிறது. விளக்கத்தைத் தொழிலாகக் கொண்ட நமக்கே அது அலுத்தது.

அப்படத்தில் பெருங்கத்தியை இழுத்துக்கொண்டு கூம்புத் தலையன் ஒருவன் வருகிறான். அவன் 2001-இல் வந்த இரண்டாம் விளையாட்டுக்கு உரியவன். அங்கே ஜேம்ஸ் என்பவன் இறந்துபோன மனைவியிடமிருந்து கடிதம் பெற்று அவ்வூருக்கு வருகிறான். நெடுநாள் நோயில் கிடந்த அவளைக் கொன்றவன் அவனே என்பது பின்னர் தெரிகிறது. கூம்புத் தலையன் ஜேம்ஸின் குற்றவுணர்வு பெற்ற உருவம். ஜேம்ஸ் இல்லாத படத்தில் அவனுக்கு என்ன வேலை? தண்டிப்பவனை அழைத்துவந்தவர்கள் குற்றவாளியை விட்டுவிட்டு வந்தார்கள்.

அந்த இரண்டாம் விளையாட்டின் ஓர் அமைப்பைச் சொல்லியாக வேண்டும். அதற்குப் பல முடிவுகள் உண்டு. எது வாய்க்கும் என்பதை நாம் வெளிப்படையாகத் தேர்வதில்லை. நம் நடத்தையை ஆட்டம் ஓசையின்றிக் கணக்கெடுக்கிறது. மனைவியின் படத்தையும் கடிதத்தையும் அடிக்கடி பார்த்தோமா, காயம் பட்டால் உடனே மருந்திட்டோமா, வழியில் ஒரு பெண் ஒப்படைத்த கத்தியை எடுத்து எடுத்துப் பார்த்தோமா என்றெல்லாம். நாம் மருந்தை மிச்சம் பிடிப்பதாக எண்ணிக் காயத்துடனேயே நெடுந்தொலைவு நடந்தோம். கத்தியை ஆராய்ச்சி ஆர்வத்தால் பலமுறை பார்த்தோம். ஆட்டம் அதை வேறுவிதமாகப் படித்தது. ஜேம்ஸ் தன் மகிழுந்தோடு ஏரியில் இறங்கிவிட்டான்.

நம் தந்தையார் நோயில் கிடந்த இரண்டாண்டுகளில், இது முடிந்தால் போதும் என்று சில இரவுகளில் எண்ணியதுண்டு. எவரிடமும் சொன்னதில்லை. அன்றிரவு கணினியை அணைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். கான்ஸ் இவ்விரண்டாம் விளையாட்டையும் 2026-இல் படமாக்கிவிட்டார். ஜேம்ஸின் முடிவை எந்தப் படமும் காட்டலாம். நம் முடிவை நம்மிடம் காட்ட எந்தப் படத்தாலும் இயலாது.

அப்படியானால் சினிமாவுக்கு அச்சம் கைவராது என்பதா? இல்லை. ஹிடேயோ நகாதாவின் 'ரிங்கு' (1998) படத்தில் ஒரு வீடியோ நாடாவைப் பார்த்தவர் ஏழு நாளில் இறப்பார். அந்நாடாவைப் பாத்திரத்தோடு சேர்ந்து நாமும் பார்த்துவிடுகிறோம். காண்பதையே குற்றமாக்கிய படம் அது. காண்பவரின் இடத்திலிருந்தே அச்சத்தை எழுப்பிற்று.

தழுவல்களிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. 2013-இல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' விளையாட்டு 2023-இல் தொலைக்காட்சித் தொடராயிற்று. விளையாட்டில் பில் என்பவனின் துணைவன் ஃபிராங்க் நாம் போய்ச் சேரும்போதே தூக்கில் தொங்குகிறான். கசப்பான கடிதம் ஒன்று மட்டும் எஞ்சுகிறது. தொடரின் மூன்றாம் பகுதியோ அவ்விருவரும் சேர்ந்து மூப்படைந்த வாழ்வை முழுமையாகச் சொல்கிறது. ஆடுபவரின் கை எட்டாத இடத்துக்குக் காண்பவரின் கண் சென்றது. மூலத்தை மீறியதே அதன் வெற்றி. அதே தொடர் மருத்துவமனைக் காட்சியில் மூலத்தை ஒட்டிச் செல்கிறது. சிறுமியைக் காக்க ஜோயல் மருத்துவரைச் சுடுகிறான். பார்த்தோம், வருந்தினோம். விளையாட்டில் நாம் கொல்லாமல் கதை ஓர் அடியும் நகராது. அந்த விரல் நம்முடையது.

ஆகவே அந்த மாணவருக்கு நம் விடை இது: விளையாட்டில் அஞ்சுபவரும் காண்பவரும் ஒருவரே, படத்தில் இருவர். அந்த ஒருவரை இருவராகப் பிரிக்கும் பணியே தழுவல். அசுரனின் முகமூடியையும் தெருவின் பெயர்ப்பலகையையும் அச்சு மாறாமல் கொண்டுவருவது உண்மையாக இருத்தல் ஆகாது. கதவைத் திறக்கும் கையைப் பறித்துக்கொண்ட இயக்குநர், அதற்கு ஈடாகப் பார்ப்பவருக்கு எதைத் தருகிறார் என்பதே கேட்கத்தக்க கேள்வி. பெரும்பாலோர் ஒன்றும் தருவதில்லை.