குட்டிக் கடிகாரமும் ஒரு துண்டும்... கோடை டூருக்கு ரெடியா?

லீவு விட்டாச்சு. கண் விழித்ததுமே, 'இன்னைக்கு எங்க போறோம்?' என்று கேட்கிற வாண்டுகள் இருக்கிற வீடுகளில் மே மாதம் முழுக்கப் பெற்றோருக்குத்தான் பரீட்சை. ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் சித்தப்பா ஓர் அருவி போட்டோவைப் போடுவார். அத்தை ஒரு மலைக்கோயிலைச் சொல்வார். கடைசியில் ஒரு வேன் புக் ஆகும். அதிகாலை கிளம்பி, ஒரே நாளில் ஐந்து இடம் பார்த்து, நள்ளிரவில் திரும்புவது என்று முடிவாகும்.

அந்த பிளானில் எல்லோருடைய ஆசையும் இருக்கும். மூன்று வயதுக் குழந்தையின் தூக்கம், பசி, பாத்ரூம் ஆகிய மூன்றும் மட்டும் இருக்காது. மதியம் இரண்டு மணிக்குக் குழந்தை வீறிட்டு அழும்போது, 'இதுக்குத்தான் இவனைக் கூட்டிட்டு வர வேணாம்னு சொன்னேன்' என்று யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். பாவம், குழந்தை பிடிவாதம் பிடிக்கவில்லை. அதன் கடிகாரம் ஓடுகிறது. அவ்வளவுதான்.

சின்னக் குழந்தையோடு கிளம்பும் குடும்பம் நினைவில் வைக்க வேண்டியவை இரண்டே விஷயங்கள். ஒன்று, அந்தக் குட்டிக் கடிகாரம். இன்னொன்று, ஒரு துண்டு. துண்டு எதற்கு என்பதைத் தண்ணீர் பக்கம் போகும்போது பார்ப்போம். முதலில் கடிகாரம்.

ஒரு நாளைக்கு ஓர் இடம்

பெரியவர்களுக்கு டூர் என்றால் 'எத்தனை இடம் பார்த்தோம்' என்ற கணக்கு. ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு அந்தக் கணக்கே கிடையாது. பார்க்கில் எறும்பு வரிசையைப் பார்த்து உட்கார்ந்தால் அதற்கு அரை மணி நேரம் ஓடிவிடும். 'வா, அங்க யானை இருக்கு' என்று இழுத்துக்கொண்டு போக அவசியமே இல்லை. எறும்பும் அதற்கு யானைதான்!

அதனால் ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். வழக்கமாகக் குழந்தை மதியம் தூங்கும் நேரத்தில் வீட்டுக்கோ, தங்கும் அறைக்கோ திரும்பிவிடுகிற மாதிரி கிளம்பும் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். பயணம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால், நடுவில் இறங்கி ஓடியாட ஒரு நிறுத்தம் வையுங்கள்.

நிழல் சொல்லும் நேரம்

மே 4-ம் தேதியை ஒட்டி ஆரம்பித்து, மாதக் கடைசி வரை அக்னி நட்சத்திரம். இந்த நாள்களில் காலை 10 மணிக்குள் அல்லது மாலை 4 மணிக்கு மேல்தான் வெளியே விளையாட்டு என்று வைத்துக்கொள்வது நல்லது. மணி பார்க்கத் தெரியாத குழந்தைக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு வழி இருக்கிறது. 'உன் நிழலைப் பாரு. நிழல் உன்னைவிட நீளமா இருந்தா விளையாடலாம். உன்னைவிடக் குட்டியா இருந்தா உள்ள வந்துடணும்.' நிழல் சுருங்கச் சுருங்க வெயிலின் கடுமை கூடுகிறது என்பதுதான் இதன் பின்னால் இருக்கும் கணக்கு. குழந்தைகளுக்கு இது ஒரு விளையாட்டாகவே ஆகிவிடும். அம்மா கூப்பிடுவதற்கு முன்பே, 'என் நிழல் குட்டியாயிடுச்சு' என்று ஓடிவந்து நிற்பார்கள்.

பார்க்கில் இறக்கிவிடும் முன் சறுக்குமரத்தை ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்துவிடுங்கள். வெயிலில் காய்ந்த இரும்புச் சறுக்கு, குழந்தையின் தோலைச் சுட்டுவிடும்.

பக்கத்திலேயே இருக்கிறது

சென்னைவாசிகளுக்கு வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா நல்ல சாய்ஸ். ஆனால், அது ஏறக்குறைய 600 ஹெக்டேர் பரப்பு. குட்டிக் கால்கள் முழுவதையும் நடந்து பார்க்க முடியாது. கேட் திறக்கும் நேரத்திலேயே போய், குழந்தைக்குப் பிடித்த இரண்டு மூன்று விலங்குகளை மட்டும் நிதானமாகப் பார்த்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வெளியே வந்துவிடலாம். மிச்சத்துக்கு இன்னொரு நாள் இருக்கிறது. கிண்டி சிறுவர் பூங்கா இன்னும் சின்னது, கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு வசதி. இரண்டுக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அதைப் பார்க்காமல் போய், பூட்டிய கேட் முன்னால் அழும் குழந்தையைச் சமாதானப்படுத்துவது பெரிய பாடு! வெயில் மிக அதிகமான நாளில் எழும்பூர் அரசு அருங்காட்சியகம் போகலாம். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை.

மலைக்குத்தான் போக வேண்டும் என்றால், நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. கிளம்பும் முன் அப்போதைய விதிமுறையைப் பார்த்து ஆன்லைனில் பதிந்துவிடுங்கள். செக்போஸ்ட்டில் வண்டிக்குள் காத்திருப்பது பெரியவர்களுக்கே கஷ்டம். ஊட்டி மலை ரயில் எல்லாக் குழந்தைகளுக்கும் கனவுதான். ஆனால், மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரையிலான 46 கிலோமீட்டரை ஏறி முடிக்க ரயிலுக்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஆகும். மூன்று வயதுக் குழந்தைக்கு ஐந்து மணி நேரம் ஒரே சீட் என்பது ரொம்ப அதிகம். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மட்டும் டிக்கெட் எடுத்தால், ரயில், சுரங்கப்பாதை, தேயிலைத் தோட்டம் எல்லாம் கிடைக்கும். அழுகை மட்டும் கிடைக்காது.

குற்றாலம் ஆசை இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். அங்கே சீஸன் களைகட்டுவது தென்மேற்குப் பருவமழை தொடங்கிய பிறகு, ஜூன் மாதத்தில்தான். மே மாத நடுவில் போனால் பெரும்பாலும் பாறையைப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டியிருக்கும்.

தண்ணீர் என்றால் துண்டு!

இனி, அந்தத் துண்டு. ஆறு, குளம், கடல், ரிசார்ட் நீச்சல் குளம், தாத்தா ஊர் பம்புசெட் தொட்டி என எங்கே போனாலும் குழந்தைகளுக்குத் தண்ணீர்தான் கொண்டாட்டம். ஒவ்வொரு கோடையிலும் செய்திகளில் மனதைப் பிசைகிற சம்பவங்கள் நடப்பதும் அங்கேதான்.

சினிமாவில் காட்டுவதுபோல் மூழ்கும் குழந்தை கையை ஆட்டிக் கத்தும் என்று பலரும் நினைக்கிறார்கள். நிஜத்தில் பெரும்பாலும் சத்தமே வராது. மூச்சு விடவே போராடும் குழந்தையால் கத்த முடியாது. ஓரிரு நிமிடங்கள் போதும். பக்கத்தில் பத்துப் பேர் இருந்திருப்பார்கள். 'அவங்க பார்த்துக்கிட்டிருக்காங்க' என்று ஒவ்வொருவரும் இன்னொருவரை நினைத்திருப்பார்கள். கூட்டம் அதிகமாக இருப்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது.

அதற்குத்தான் துண்டு. தண்ணீர் இருக்கும் இடத்துக்குப் போனதும் கண்ணைப் பறிக்கிற நிறத்தில் ஒரு துண்டை ஒருவர் தோளில் போட்டுக்கொள்ளட்டும். துண்டு யார் தோளில் இருக்கிறதோ, அவருக்கு போன் கிடையாது, செல்ஃபி கிடையாது, சாப்பாடு பரிமாறும் வேலை கிடையாது, அரட்டையும் கிடையாது. கண் குழந்தை மேல் மட்டுமே. 15 நிமிடம் ஆனதும் துண்டை அடுத்தவர் தோளில் போட்டு, 'இனி நீ பார்த்துக்க' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் 'சரி, நான் பார்த்துக்கறேன்' என்று பதில் சொன்ன பிறகுதான் முன்னவர் நகரலாம். அப்பா, அம்மா, மாமா, சித்தி எல்லோருக்கும் முறை வரட்டும். 'அம்மாதானே பார்த்துக்குவா' என்று ஒருவர் தலையில் கட்டினால், அவர் முகம் கழுவப் போகும் இரண்டு நிமிடம் யாருடைய கணக்கிலும் வராது.

நீச்சல் தெரியாத சின்னக் குழந்தை என்றால், துண்டு போட்டிருப்பவர் கரையில் நின்றால் போதாது. கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். காற்றடித்த டியூப், கையில் மாட்டும் பலூன் எல்லாம் விளையாட்டுச் சாமான்கள். அவை உயிர் காக்கும் என்று நம்பிவிடக் கூடாது. பரிசலிலோ படகிலோ ஏறினால், குழந்தையின் அளவுக்குச் சரியான லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்குங்கள். இல்லை என்றால், 'இன்னொரு நாள் போகலாம்' என்று இறங்கிவிடுங்கள். நீச்சல் குளத்துக்கு நீல நிற உடை வேண்டாம், தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. ஆரஞ்சு, சிவப்பு போன்ற நிறங்கள் சட்டெனத் தெரியும்.

இந்த இடங்களில் கூடுதல் கவனம்

காவிரி: மேட்டூர் அணை பாசனத்துக்குத் திறக்கப்படும் வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு முன் பல இடங்களில் ஆறு வெறும் மணலாகத்தான் தெரியும். அங்கங்கே முழங்கால் அளவுத் தண்ணீர் இருக்கும். ஆனால், மணல் அள்ளிய பள்ளங்கள் அந்தத் தண்ணீருக்கு அடியில் ஆளை மூழ்கடிக்கும் ஆழத்தில் இருக்கலாம். உள்ளூர்க்காரரிடம் கேட்காமல் காலைக்கூட வைக்க வேண்டாம்.

கடல்: மெரினாவில் அலை திரும்பும் இழுப்பு பெரியவர்களையே சாய்த்துவிடும். அங்கே கடலில் குளிக்கத் தடையும் இருக்கிறது. குழந்தைகளுக்கு மணல் வீடு கட்டுவதும், வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவதுமே போதுமான சந்தோஷம்.

தாத்தா ஊர்: பழகிய இடம் என்ற நினைப்பில் எல்லோரும் அசந்துவிடுவது இங்கேதான். சுற்றுச்சுவர் இல்லாத கிணறு, மூடாத தரைத்தொட்டி, மாட்டுத் தொட்டி எங்கெங்கே இருக்கின்றன என்று போய் இறங்கிய அன்றே ஒரு சுற்று நடந்து பார்த்துவிடுங்கள். நடக்கப் பழகும் குழந்தைக்கு ஒரு வாளித் தண்ணீரே ஆபத்துதான்.

யாராவது தண்ணீரில் தத்தளித்தால், நீச்சல் தெரியாதவர் பதறிப்போய்க் குதிக்கக் கூடாது. காப்பாற்றப் போனவரையும் சேர்த்து இழந்த குடும்பங்கள் பல. கயிறு, சேலை, நீளமான கம்பு என எது கிடைக்கிறதோ அதை நீட்டுங்கள். மூடி போட்ட காலி வாட்டர் கேனை வீசினால் அதைப் பிடித்து மிதக்க முடியும். வெளியே எடுத்த பிறகு தலைகீழாகத் தொங்கவிடுவது, வயிற்றை அமுக்குவது எல்லாம் வேண்டாம், அதில் நேரம்தான் வீணாகும். மூச்சு இல்லை என்றால், 108-க்கு ஒருவர் அழைக்கும்போதே, தெரிந்தவர் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, நெஞ்சை அழுத்தும் சி.பி.ஆர் முதலுதவியைத் தொடங்க வேண்டும். டூருக்கு முன் வீட்டில் ஒருவராவது இதைக் கற்றுவைத்திருப்பது நல்லது.

காரும் பையும்

'ரெண்டே நிமிஷம், ஜூஸ் வாங்கிட்டு வந்துடறேன்' என்று குழந்தையைப் பூட்டிய காரில் விடவே கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பநிலை ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. குழந்தையின் உடல் பெரியவர்களைவிட வேகமாகச் சூடேறும். தூங்குகிற குழந்தையாக இருந்தாலும் தூக்கிக்கொண்டே போங்கள்.

பையில் இருக்க வேண்டியவை: தண்ணீர், ஓ.ஆர்.எஸ் பாக்கெட், காட்டன் தொப்பி, இரண்டு செட் மாற்று உடை, ஈரத் துணி. சாப்பாட்டுக்கு இட்லி, எலுமிச்சைச் சாதம், வாழைப்பழம், வெள்ளரிக்காய். தேங்காய்ச் சட்னி வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி தாங்கும். தாகம் என்று குழந்தை சொல்லும் வரை காத்திருக்காமல் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும், அதை அடிக்கடி கொடுக்க வேண்டும்.

விளையாடிய குழந்தை திடீரெனச் சோர்ந்து, உடம்பு அனலாகக் கொதித்து, கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாமல் இருந்தால் அது வெறும் களைப்பு அல்ல. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடையைத் தளர்த்தி, ஈரத் துணியால் உடம்பு முழுக்கத் துடைத்து, விசிறியபடியே 108-ஐ அழையுங்கள். மயக்கத்தில் இருக்கும் குழந்தையின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

செலவே இல்லாத டூர்

எங்கும் போக முடியாத வீடுகளுக்கு மொட்டை மாடி இருக்கிறது. சாயங்காலம் தண்ணீர் தெளித்துத் தரை ஆறியதும் பாயை விரியுங்கள். சாக்பீஸால் கட்டம் வரைந்து பாண்டி ஆடலாம். பௌர்ணமியை ஒட்டிய நாளாக இருந்தால், பாட்டி பிசைந்து உருட்டித் தரும் நிலாச்சோற்றுக்கு ஈடாக எந்த ரிசார்ட்டின் பஃபேயும் வராது. கைப்பிடிச் சுவர் உயரமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கேயும் ஒருவர் தோளில் துண்டு இருக்கட்டும்.

லீவு முடிந்து ஸ்கூல் திறந்ததும் 'லீவுல எங்க போன?' என்று டீச்சர் கேட்பார். குழந்தை எறும்பைச் சொல்லலாம், ரயிலைச் சொல்லலாம், நிலாச்சோற்றைச் சொல்லலாம். எதுவாக இருந்தாலும் சிரித்துக்கொண்டே சொல்லட்டும்.