போர்ட்லாந்தை எதுக்குத் திட்டறீங்க?

1984 என்.பி.ஏ. டிராஃப்டில் ஜோர்டானை விட்டுட்டு சாம் போவியை எடுத்த போர்ட்லாந்தை இன்னமும் கிண்டல் பண்றாங்க. கார்டு இருக்கறப்ப சென்டரை எடுக்கலாமாம்! சுத்தப் பேத்தல். அதே டிராஃப்டில் ஹூஸ்டன் முதல் ஆளா எடுத்த ஒலாஜுவானும் சென்டர்தாங்க. 1994, 1995 ரெண்டு வருஷமும் கோப்பை. போர்ட்லாந்து சறுக்கினது, கால் எலும்பு முறிஞ்சு காலேஜில் ரெண்டு சீசன் ஆடாத ஆளை எடுத்ததில்.

ஜோர்டான் ஆறு கோப்பை வாங்கினார், மறுக்கலை. இன்னொரு ஜோர்டான் கிடைச்சா சொல்லுங்க.

கர்ரி வந்தப்புறம் சென்டர் காலாவதின்னு ஒரு கோஷ்டி. 2021லேர்ந்து 2024 வரை எம்.வி.பி. யாரு? மூணு தடவை யோகிச், ஒரு தடவை எம்பீட். ரெண்டு பேருமே சென்டர்! இங்கே பூனாவில் எங்க காலனிப் பொடிசுங்க எல்லாம் கர்ரிதான். தூரத்திலேர்ந்தே எறியுதுங்க. ரிங்கில் பட்டுத் திரும்பற பந்தை யாருங்க பிடிக்கறது?