அணைக்கப்படும் எச்சரிக்கை

உற்பத்தி ஒரு கணமும் தடைப்படலாகாதென, நாட்டின் சில ஆலைகளில் நியூட்ரலை எர்த் செய்யாமலேயே மின்வழங்கலை இயக்குகின்றனர். அங்கே ஒரு பேஸ் எர்த்தானாலும் இயந்திரங்கள் நிற்பதில்லை. எச்சரிக்கை விளக்கு மட்டும் எரியும். ஆனால் எஞ்சிய இரு பேஸ்களுக்கும் நிலத்துக்குமான மின்னழுத்தம் 240 வோல்ட்டிலிருந்து 415 ஆகிவிடுகிறது. மற்றொரு பேஸும் எர்த்தானால் ஷார்ட் சர்க்யூட், தீ. பழுதைத் தேட ஃபீடர்களை ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும், நிர்வாகம் இணங்குவதில்லை. (பஸ்ஸரின் வயரைக் கழற்றிவிடும் ‘நிர்வாகத் திறமை’யையும் தொழிலாளர் அறிவர்.)

நியூட்ரலை உயர்மின்தடை வழியே எர்த் செய்து, விட்டுவிட்டுப் பாயும் சிறு மின்னோட்டத்தை கிளாம்ப் மீட்டரால் பின்தொடர்ந்தால், ஆலையை நிறுத்தாமலே பழுதின் இடத்தை அறியலாம். இம்முறை புதிதன்று, செலவிடத்தான் மனமில்லை. பேனலைத் திறக்க ஏவப்படுபவரோ ஒப்பந்தத் தொழிலாளி.

எச்சரிக்கை எழுந்த நேரமும் பழுது நீங்கிய நேரமும் பதிவேட்டில் ஏறவேண்டும். அப்பதிவேடு பாதுகாப்புக் குழுவின் தொழிலாளர் பிரதிநிதிகளுக்குத் திறந்திருக்க வேண்டும்.