பூசணிப்பூவும் 25 மதிப்பெண்ணும்

கரும்பலகையில் செம்பருத்திப் பூவின் நீள்வெட்டுத் தோற்றம். புல்லி வட்டம், அல்லி வட்டம், மகரந்தத்தாள் வட்டம், சூலக வட்டம் என்று நான்கு அம்புக்குறிகள். பிள்ளைகள் குனிந்து வரைந்துகொண்டிருக்கிறார்கள். சன்னலுக்கு வெளியே அதே செம்பருத்தி பூத்துக் குலுங்குகிறது. அதில் ஒன்றைப் பறித்து வகுப்புக்குக் கொண்டுவர யாருக்கும் தோன்றவில்லை. பறித்தால் திட்டு விழும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும்.

நம் பள்ளிகள் பலவற்றின் அறிவியல் பாடம் இதுதான். இது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம் என்றே சொல்வோம்.

திட்டத்துக்குக் குறைவில்லை. பள்ளிகளுக்குத் தேசியப் பசுமைப் படை வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு பாடம் இணைய வேண்டும் என்று 2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு சொன்னது. பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கான வழிகாட்டுதலை 2019-இல் மத்திய அரசு வெளியிட்டது. ஆனால் தோட்டம் என்றால் நம் பள்ளிகளுக்கு நினைவுக்கு வருவது மரக்கன்று நடும் விழாவும் புகைப்படமும்தான். சித்திரை வெயிலில் அந்தக் கன்று என்னவாயிற்று என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு பூசணிக்கொடி போதும். அதில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் குட்டிப் பூசணி மாதிரி சூலகம் உருண்டிருக்கும். மறுநாள் காலை விரியப்போகும் பெண் மொட்டு ஒன்றை மாலையிலேயே மெல்லிய துணியால் மூடிக் கட்டச் சொல்லுங்கள். இன்னொன்றைத் திறந்தே விடுங்கள். கட்டிய பூவின் பிஞ்சு சில நாளில் மஞ்சளாகி உதிரும். தேனீ வந்துபோன பூவின் பிஞ்சு பருக்கும். திறந்துவிட்டதும் உதிர்ந்துபோனால் இன்னும் நல்லது: ஏன் உதிர்ந்தது என்று பிள்ளைகளே கேட்பார்கள். அறிவியல் அங்கேதான் தொடங்குகிறது. தட்டைப்பயறுச் செடியை வேரோடு பிடுங்கி, வேர்முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் ரத்தத்து ஹீமோகுளோபினுக்கு ஒன்றுவிட்ட தங்கை அந்த நிறமி. இதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு, அந்த முடிச்சுக்குள் வாழும் பாக்டீரியாவான ரைசோபியத்தின் பெயரை மனப்பாடம் செய்யும் தேவை இருக்காது.

தண்ணீர் இல்லை, ஆடு மேய்கிறது, போர்ஷன் முடியவில்லை என்பார்கள். கடைசிக் காரணம் உண்மை. ஆசிரியர்மேல் அத்தனை பதிவேடுகளை ஏற்றியிருக்கிறோம். தண்ணீருக்கு, பிள்ளைகள் சத்துணவுத் தட்டு கழுவும் நீரைப் பாத்திக்குத் திருப்பினாலே போதும்.

மன்னிக்கவே முடியாதது ஒன்று உண்டு. வீட்டுப்பாடம் எழுதாதவனைக் களை பிடுங்க அனுப்புவது. மண்வெட்டி எடுக்க எப்போதும் அதே நான்கு பேரைக் கூப்பிடுவது. “அவன் வீட்டில் பழகிய வேலைதானே” என்ற சொல்லுக்குள் சாதி ஒளிந்திருக்கிறது. மற்றவர்கள் வகுப்பில் படிக்க, சிலர் மட்டும் வெயிலில் கொத்தும் தோட்டம் பாடசாலையில் இருக்கத் தகுதியற்றது. மண்ணில் கை வைத்தால் எல்லாப் பிள்ளைகளும் வைக்கட்டும், ஆசிரியரும் சேர்ந்து.

பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண் இருக்கிறது. பல பள்ளிகளில் அது ஆண்டுக் கடைசியில் நடக்கும் ஒருநாள் சடங்கு. அதில் ஐந்தையாவது, பிள்ளை தன் கையால் வளர்த்த செடியைப் பற்றித் தானே எழுதிய குறிப்பேட்டுக்குக் கல்வித்துறை ஒதுக்க வேண்டும். வரும் ஆடிப் பட்டத்துக்குள் ஆணை வரட்டும்.