ஓட்டையைக் காட்டுபவர் குற்றவாளி அல்ல

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. உலகம் முழுவதும் விண்டோஸ் கணினிகள் முடங்கிய அன்று மலேசியாவில் கேடிஎம் ரயில் டிக்கெட் முறை தடுமாறியது. கேஎல்ஐஏ விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில் ஏர் ஆசியா பயணிகள் நீண்ட வரிசையில் நின்றார்கள். ஐந்து அரசு அமைப்புகளும் ஒன்பது நிறுவனங்களும் பாதிக்கப்பட்டதாக இலக்கவியல் அமைச்சர் கோபிந்த் சிங் டியோ பின்னர் தெரிவித்தார். இழப்பீடு பற்றிப் பரிசீலிக்குமாறு மைக்ரோசாப்ட்டையும் கிரவுட்ஸ்டிரைக்கையும் கேட்டுக்கொண்டார். கேட்டது நியாயம்தான். ஆனால் நாம் அதோடு நின்றுவிட்டோம்.

அன்று நடந்தது என்ன? தாக்குதலைப் பிடிப்பதற்காக நிறுவப்பட்ட கிரவுட்ஸ்டிரைக்கின் காவல் மென்பொருள் கெர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் மையத்துக்குள், உட்கார்ந்திருந்தது. நினைவகம், கோப்பு, வலைத்தொடர்பு அனைத்தையும் ஆள்வது அந்த மையம்தான். அந்த மென்பொருள் 20 உள்ளீடுகளை மட்டுமே எதிர்பார்த்தது; புதிதாக வந்த கோப்போ 21ஆவது ஒன்றையும் பார்க்கச் சொன்னது. இல்லாத அந்த இடத்தைப் படிக்கப்போய் அது எல்லை தாண்டியது. சாதாரணச் செயலி இப்படிச் செய்திருந்தால் அந்தச் செயலி மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னலுக்குள் நடந்ததால் திரை நீலமாகிக் கணினியே படுத்துவிட்டது. மைக்ரோசாப்ட் கணக்குப்படி அப்படிப் படுத்தவை ஏறத்தாழ 85 லட்சம்.

அது வெறும் தவறு. அதே இடத்துக்குள் கெட்ட எண்ணத்தோடு ஒருவன் நுழைந்தால் திரை நீலமாகாது, வரிசையும் நிற்காது. கணினி வழக்கம்போல ஓடும். கடவுச்சொல்லும் கணக்குப் புத்தகமும் சத்தமில்லாமல் வெளியே போய்க்கொண்டிருக்கும். காவல் மென்பொருளைக் கேட்டால் எல்லாம் நலம் என்றுதான் சொல்லும். கெர்னலைப் பிடித்தவன் அதற்கும் எஜமான்.

இந்த ஆபத்தை உலகுக்கு விளக்கிக் காட்டிய மேடைகளில் ஒன்று நம் ஊரில் இருந்தது. மலேசியரான டில்லன் கண்ணபிரான் தொடங்கிய ‘ஹேக் இன் தி பாக்ஸ்’ மாநாடு 2003 முதல் கோலாலம்பூரில் நடந்துவந்தது. 2012 அக்டோபரில் அங்கே மார்க் டவுட், டார்யெய் மாண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் ஐஓஎஸ் 6 கெர்னலைப் பிரித்துக் காட்டினார்கள். ஆப்பிள் அதை வெளியிட்டு ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஒவ்வொரு முறை ஐபோனை முடுக்கும்போதும் கெர்னல் நினைவகத்தில் வேறு வேறு இடத்தில் போய் அமரும், தாக்க வருபவனுக்கு முகவரி தெரியாது என்பது அதில் புதிதாக வந்த காப்பு. நல்ல காப்புதான். ஆனால் அமரக்கூடிய இடங்கள் வெறும் 256. அதோடு, ஒரே ஒரு முகவரி எங்கிருந்தாவது கசிந்தால் போதும், மற்றவற்றைக் கணக்குப் போட்டே எடுத்துவிடலாம். காப்பின் பலத்தையும் பலவீனத்தையும் சேர்த்து இப்படி மேடையில் பேசுவதுதான் அடுத்தடுத்த தலைமுறைக் காப்புகள் வலுப்பெற உதவுகிறது. 2014க்குப் பிறகு அந்த மாநாடு கோலாலம்பூரை விட்டுப் போனது. அடுத்த ஆண்டே சிங்கப்பூரில் கூடியது. நாம் இழந்தது ஒரு விழாவை மட்டுமல்ல. பல்கலைக்கழக மாணவன் எல்ஆர்டி ரயில் ஏறிப் போய் உலகின் முதல்தர ஆய்வாளரிடம் நேரில் கேள்வி கேட்கும் வாய்ப்பும் போனது.

மேடை போனது ஒருபுறம்; ஓட்டையைக் கண்டு சொல்ல வருபவருக்குச் சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டத்தின் 3ஆவது பிரிவு அனுமதியில்லா நுழைவுக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. திருட நுழைந்தவனா, ஓட்டையைக் கண்டு சொல்ல வந்தவனா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. 8ஆவது பிரிவு இன்னும் கடுமை: வைத்திருக்க அனுமதியில்லாத நிரலோ தரவோ ஒருவரிடம் இருந்தாலே, மாறாக நிரூபிக்கப்படும் வரை அவர் அத்துமீறி எடுத்ததாகவே கொள்ளப்படும். நிரூபிக்கும் சுமை அவர் தலையில். 2024 ஆகஸ்டு 26இல் நடைமுறைக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம், ஊடுருவல் சோதனைச் சேவை தருவோருக்கு உரிமம் கேட்கிறது. உரிமமின்றிச் செய்தால் ஐந்து லட்சம் ரிங்கிட் வரை அபராதம், பத்தாண்டு வரை சிறை. தொழிலுக்கு ஒழுங்கு தேவை, அதை எதிர்க்கவில்லை. சம்பளமில்லாமல், தற்செயலாக ஓட்டையைப் பார்த்துவிட்ட இளைஞரின் கதி என்ன என்பதே என் கேள்வி. சொந்தக் கணினியில் கெர்னலைக் குடைவது குற்றமில்லை. அதே ஓட்டை ஒரு மருத்துவமனைக் கணினியிலும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தால் அவர் குற்றவாளி. சொல்லாமல் இருப்பதே புத்திசாலித்தனம் என்றுதான் அவர் முடிவெடுப்பார்.

பிற நாடுகள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. அமெரிக்க நீதித்துறை 2022 மே மாதமே, நல்லெண்ணத்துடன் செய்யும் பாதுகாப்பு ஆய்வுக்கு வழக்குப் போடக்கூடாது என்று கொள்கை வகுத்துவிட்டது. சிங்கப்பூர் அரசு தன் தளங்களில் ஓட்டை கண்டு சொல்பவர்களுக்குப் பணமே தருகிறது.

கண்டுபிடித்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. ஆண்ட்ராய்டில் ‘பைண்டர்’ என்ற கெர்னல் பகுதியில் இருந்த ஓட்டையைப் பாருங்கள். லினக்ஸ் கெர்னலில் அது 2018 தொடக்கத்திலேயே அடைக்கப்பட்டது. பல கைப்பேசிகளுக்கு மட்டும் அந்தத் திருத்தம் வந்து சேரவில்லை. 2019 செப்டம்பரில் கூகுள் ஆய்வாளர் மேடி ஸ்டோன் மீண்டும் கண்டெடுத்தபோது அதைப் பயன்படுத்தித் தாக்குதல் நடந்துகொண்டிருந்தது. பாதிக்கப்பட்ட பட்டியலில் சாம்சுங், ஷாவ்மி, ஓப்போ என இங்கே எல்லாக் கடைகளிலும் விற்றவை இருந்தன.

இப்போது கணினிகளின் முறை. விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையின் மாடியறைக் கணக்காளர், கிள்ளான் தெங்கு கிளானா சாலையின் நகைக்கடைக்காரர் என யாராக இருந்தாலும், பழைய கணினியை அப்படியே ஓட்டினால் இனி வெளிவரும் ஒவ்வொரு கெர்னல் ஓட்டையும் அவருக்குத் திறந்தேதான் இருக்கும். இயந்திரம் நன்றாக ஓடும்போது எதற்கு மாற்ற வேண்டும் என்று அவர் கேட்பது இயல்பு. பதில் சொல்ல வேண்டியது வணிகச் சங்கங்களும் விற்றவர்களும்.

1997 சட்டத்தை மாற்றி எழுதும்போது, நல்லெண்ண ஆய்வாளருக்கான விலக்கு புதுச் சட்டத்துக்குள் ஒரு பிரிவாகவே எழுதப்பட வேண்டும், சுற்றறிக்கை போதாது. தரவைப் பிரதியெடுக்கக்கூடாது, சேவையைக் கெடுக்கக்கூடாது, கண்டதை உடனே தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு அந்த விலக்கு இருக்கட்டும். இணையச் சம்பவ உதவி மையமான சைபர்999க்குச் சம்பவங்களைத் தெரிவிக்கும் வழி ஏற்கெனவே இருக்கிறது; தகவல் தந்தவர்மீது வழக்கு வராது என்ற உறுதியை அதோடு சேர்த்தால் போதும். அரசு வாங்கும் ஒவ்வொரு கணினியின் ஒப்பந்தத்திலும், எத்தனை ஆண்டுகளுக்குக் கெர்னல் திருத்தம் வரும், ஓட்டை வெளியான எத்தனை நாளில் வரும் என்ற இரண்டு எண்களும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.