அறைக்கு என்ன நிறம்?

சகோதரிகளே, 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் வந்த நம்மில் பலருக்கு நெடுங்காலம் கிடுகுச் சுவர்தான். நிறம் தெரிவு செய்ய வாய்ப்பே இருக்கவில்லை.

இன்று வண்ணாத்திவில்லுவில் என் மகள் தன் படுக்கையறைக்குக் கருஞ்சாம்பல் நிறம் கேட்கிறாள். "பூசாத சீமெந்தும் சாம்பல்தானே, காசு எதற்கு?" என்கிறார் அவளது வாப்பா. அது இல்லாமையால் வந்த நிறம். இது அவள் விரும்பி எடுப்பது.

கடும் நிறம் வெளிச்சத்தைக் குறைக்கும். ஆகவே கட்டிலின் தலைமாட்டுச் சுவருக்கு மட்டும் பூசி, மற்றவற்றுக்கு வெள்ளை பூசலாம். வெயில் படும் வெளிச்சுவருக்கு வேண்டாம், சூடு பிடிக்கும். புதுப்பூச்சு நான்கு வாரமாவது காயட்டும். முதலில் சிறிது வாங்கி, மட்டையொன்றில் இருமுறை பூசி, பகலிலும் விளக்கொளியிலும் பாருங்கள். பிடித்தால் வாளியாக வாங்குங்கள்.

உறங்குபவள் சொல்லும் நிறமே அந்த அறைக்குப் பொருத்தம்.