பூனையை மார்க்கெட்டில் விடுவதற்கு முன்...

"நாலு வருஷமா ஒரே தட்டுல சாப்பிட்டதுங்க டாக்டர். முந்தாநாள்லேர்ந்து ஒண்ணைப் பார்த்தா ஒண்ணு சீறுது. வீட்டுக்காரர் ஒண்ணைக் கொண்டு போய் மீன் மார்க்கெட்ல விட்டுடலாம்கிறார்!"

மூட்டு வலிக்கு என்னிடம் வருகிற ஓர் அம்மா சொன்னது இது. நாடி பார்க்கக் கையை வாங்கியபோதுதான் முன்கையில் கீறல்களும், பல் பதிந்த இடமும் தெரிந்தன. சண்டையை விலக்கப் போய் வாங்கியதாம். மேலே மஞ்சள் அப்பியிருந்தது.

நான் சித்த மருத்துவன். மஞ்சளைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. இருந்தாலும் சொல்கிறேன்: பூனைக் கடிக்கு மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெறிநோய் நாயால் மட்டும் வருவதில்லை, பூனையாலும் வரும். வந்துவிட்டால் குணப்படுத்த எங்கள் வைத்தியத்திலும் மருந்து கிடையாது, அலோபதியிலும் கிடையாது. தடுப்பூசி அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்தான். அந்த அம்மாவை முதலில் ஊசிக்கு அனுப்பிவிட்டு, அடுத்த முறை வந்தபோதுதான் பூனைக் கதையை முழுசாகக் கேட்டேன்.

கறுப்புப் பூனைக்குக் காதில் புண். கால்நடை டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பிய அதே சாயந்திரம்தான் வெள்ளைப் பூனை அதன்மேல் பாய்ந்திருக்கிறது. விஷயம் இவ்வளவுதான்! பூனை தன் கூட்டாளியை முகத்தைவிட வாசனையால்தான் அடையாளம் காண்கிறது. மருந்தும் ஸ்பிரிட்டும் மணக்க வந்து நின்றது அதற்கு வேற்றுப் பூனை.

இன்னொரு காரணமும் உண்டு. ஜன்னலுக்கு வெளியே ஒரு கடுவன் வந்து உறுமும். அதை எட்ட முடியாத கோபம் பக்கத்தில் இருப்பதன்மேல் இறங்கும். (ஆபீசில் மானேஜரிடம் வாங்கியதை வீட்டில் வந்து காட்டுகிற ஆண்களை உங்களுக்குத் தெரியாதா என்ன!)

ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது வலியைத்தான். பல் வலி, மூட்டு வலி, சிறுநீர் அடைப்பு... வாயில்லாத ஜீவன் வேறெப்படிச் சொல்லும்? வீட்டுத் தாத்தா திடீரென்று எரிந்து விழுந்தால் 'வயசானா அப்படித்தான்' என்று விட்டுவிடுகிறோமே, அதே தப்பைத்தான் பூனையிடமும் செய்கிறோம். கடுவன் சிறுநீர் கழிக்க முக்கி முக்கி நின்றால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். எதிர்ப்பட்டவரையெல்லாம் கடிக்கிறது, எச்சில் வடிகிறது என்றால் தொடவே தொடாதீர்கள். அறையைச் சாத்திவிட்டுக் கால்நடை டாக்டருக்குச் சொல்லியனுப்புங்கள்.

நோய் இல்லையென்றால், இரண்டையும் தனித்தனி அறையில் வையுங்கள். சாப்பாடு, தண்ணீர், மணல் தட்டு எல்லாம் தனித்தனி. ஒன்று படுத்த துணியை மற்றதன் அறையில் போடுங்கள். சில நாள் கழித்து, மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் ஒன்றுக்கும் அந்தப் பக்கம் ஒன்றுக்கும் சோறு வையுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கதவைத் திறக்கலாம். சில வாரங்கூட ஆகும். அடிக்காதீர்கள். நடுவில் கையை விடாதீர்கள். ஒரு தலையணையைப் போட்டாலே விலகிவிடும்.

கைவைத்தியம் கேட்பீர்கள் என்று தெரியும். குப்பைமேனிக்குப் 'பூனைவணங்கி' என்றே ஒரு பெயர் உண்டு. வேரை மோந்தால் பூனை சொக்கி உருளும். அதனால் அது சண்டைக்கு மருந்தாகிவிடாது. பூண்டு, கற்பூரம், யூகலிப்டஸ் தைலம் மூன்றும் பூனைக்கு விஷம். ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை அதன் உயிரைக் குடித்துவிடும். நமக்கு ஒத்துக்கொள்வது அதன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது.

மார்க்கெட் யோசனைக்கு வருவோம். வீட்டில் வளர்ந்த பூனைக்குத் தெரு தெரியாது. நாய்க்கோ வண்டிக்கோதான் பலியாகும். வளர்த்ததைத் தெருவில் விடுவது 1960-ஆம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. அந்த வீட்டுக்காரரிடம் இதைப் போனிலேயே சொன்னேன். கொஞ்சம் கோபித்துக்கொண்டார்தான்.

போன வாரம் அந்த அம்மா வந்திருந்தார். ஒரே தட்டில் இன்னும் சாப்பிடவில்லையாம். ஒரே சோபாவில், ஆளுக்கொரு ஓரமாகப் படுக்கின்றனவாம். அம்மாவுக்கு இன்னும் ஓர் ஊசி பாக்கி.